நீட்சியும் மீட்சியும்

உடலோடு ஒட்டிய ஆடை என்றதும் இன்று முதலில் வாயில் வரும் பெயர் லைக்ரா. பாலே நடனக்காரர் அணியும் லியோடார்ட், ஜிம்னாஸ்டிக் வீராங்கனையின் உடுப்பு, சைக்கிள் பந்தயக்காரரின் கால்சட்டை, கல்லூரிப் பெண்ணின் லெகிங்ஸ் எல்லாமே ஒரே ஒரு வேதியியல் கண்டுபிடிப்பிலிருந்து பிறந்தவை என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. டுபாண்ட் நிறுவனத்தின் வேதியியலாளர் ஜோசப் ஷிவர்ஸ் 1958-ல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஸ்பாண்டெக்ஸ் இழையை உருவாக்கினார். அது லைக்ரா என்ற வணிகப் பெயரில் சந்தைக்கு வந்தது. அதன் பிறகே மனிதர்கள் உடலோடு ஒட்டிய ஆடையில் ஆடவும் ஓடவும் தொடங்கினார்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கதை. ஆனால் மேடையின் ஆண்டுக் கணக்கைப் பார்த்தால் இந்தக் கதை நிற்காது. ஒட்டிய ஆடையில் ஆடிய பெரும் படைப்புகள் பலவும் அந்த இழைக்கு முன்பே அரங்கேறிவிட்டன. இந்த அத்தியாயம் சொல்ல வருவது இதுதான்: ஒட்டிய ஆடையைக் கேட்டது மேடை, அதற்கு நீட்சியைத் தந்தது பின்னல், ஸ்பாண்டெக்ஸ் தந்தது மீட்சியை மட்டுமே. இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால்தான், ஓர் ஆடை ஏன் உடலோடு இசைகிறது, இன்னொன்று ஏன் வெறுமனே இறுக்குகிறது என்பது புரியும்.

முதலில் உடலைக் கவனிப்போம். நின்ற நிலையில் எடுக்கும் அளவைக் கொண்டே தையற்காரர் துணியை வெட்டுகிறார். ஆனால் உடலின் மேற்பரப்பு நிலையானது அல்ல. முழங்காலை முழுவதும் மடக்கும்போது அதன் முன்பக்கத் தோல் நீளவாக்கில் சுமார் 35 முதல் 45 சதவீதம் வரை நீள்கிறது. சுற்றளவில் கூடுவதோ அதில் பாதிகூட இல்லை. முழங்கையின் கதையும் ஏறக்குறைய இதுவே. கைகளை முன்னால் நீட்டினால் முதுகின் அகலம் கூடுகிறது. குனிந்தால் இடுப்பின் பின்பக்கம் நீள்கிறது. அதே நேரத்தில் மூட்டின் மறுபக்கத்தில் தோல் சுருங்கி மடிகிறது. ஆக, உடலோடு ஒட்டிய ஆடை ஒரே நொடியில் ஓரிடத்தில் நீளவும் இன்னோரிடத்தில் சுருங்கவும் வேண்டும். இதில் வியப்பான ஓர் ஒழுங்கும் உண்டு. தோலின் மேல் சில கோடுகள், உடல் எப்படி அசைந்தாலும் ஏறக்குறைய நீளம் மாறாமலேயே இருக்கின்றன. அமெரிக்க ஆய்வாளர் ஆர்தர் ஐபரால் விண்வெளி வீரர்களுக்கான அழுத்த உடைகளை ஆராய்ந்தபோது இந்த நீளாக் கோடுகளை வரைபடமாக்கினார். எம்.ஐ.டி.யில் டேவா நியூமன் வடிவமைத்த ஒட்டிய விண்வெளி உடை இதே கோடுகளைத்தான் பின்பற்றுகிறது. தையல் எங்கே வர வேண்டும், துணி எந்தத் திசையில் நீள வேண்டும் என்பதைத் தோலே சொல்லிக்கொடுக்கிறது.

நெய்த துணியால் இந்தக் கோரிக்கையை நேரடியாக நிறைவேற்ற முடியாது. பாவும் ஊடையும் ஏறக்குறைய நேராக ஓடுகின்றன. இழை நீளாவிட்டால் துணியும் நீளாது. மூலைவாட்டில் இழுத்தால் மட்டும் சற்று இளகும். பின்னல் துணியில் நேரான இழையே இல்லை. ஒரே நூல் வளைந்து வளைந்து கண்ணிகளாகி, ஒரு வரிசையின் கண்ணி முந்தைய வரிசையின் கண்ணிக்குள் நுழைந்து நிற்கிறது. திருப்பூரில் பனியன் துணி என்றும் தொழில்முறையில் சிங்கிள் ஜெர்சி என்றும் அழைக்கப்படும் சாதாரணப் பருத்திப் பின்னலை எடுத்து அகலவாக்கில் மெல்ல இழுத்துப் பாருங்கள். ஒவ்வொரு கண்ணியின் இரு கால்களும் விலகி, உயரமாக நின்ற கண்ணி படுத்த கண்ணியாகிறது. துணி அகலத்தில் கூடும்போது உயரத்தில் குறைகிறது. இவ்வளவு நடந்தும் பருத்தி நூல் நீளவே இல்லை. மாறியது அதன் வடிவம் மட்டும்தான். ஆக, பின்னல் துணியின் நீட்சி முழுக்க முழுக்க வடிவியலின் வேலை. இங்கிலாந்தில் வில்லியம் லீ காலுறை பின்னும் சட்டகத்தை உருவாக்கிய ஆண்டு 1589. செயற்கை இழை என்ற சிந்தனையே இல்லாத அந்தக் காலத்திலேயே, கணுக்காலையும் கெண்டைக்காலையும் பற்றி நிற்கும் ஆடையை இயந்திரத்தில் பின்ன முடிந்திருக்கிறது. மேடை நடனத்தின் டைட்ஸ் அந்தக் காலுறையின் நேரடி வாரிசு.

இந்தப் பின்னலை உடல் முழுவதற்கும் விரிக்க வேண்டிய தேவை மேடையிலிருந்து வந்தது. 1859 நவம்பரில் பாரிஸ் நகரின் சர்க்கஸ் அரங்கு ஒன்றில் ஜூல் லியோடார்ட் என்ற இளைஞர் ஊஞ்சலிலிருந்து ஊஞ்சலுக்குப் பறந்தார். அவர் அணிந்தது உடலோடு ஒட்டிய ஒரே துண்டுப் பின்னல் ஆடை. பின்னாளில் அவர் பெயரே அந்த ஆடைக்கு நிலைத்தது. அவருடைய தேவையை எண்ணிப்பார்த்தால் இரண்டு காரணங்கள் தெரிகின்றன. ஒன்று பாதுகாப்பு: காற்றில் பறக்கும் தொங்கல் துணி கயிற்றிலோ கட்டையிலோ சிக்கினால் ஆபத்து. இன்னொன்று பார்வை: தொலைவில் உட்கார்ந்திருப்பவருக்குத் தோள், இடுப்பு, கால் ஆகியவை எந்தக் கணத்தில் எந்தக் கோணத்தில் இருந்தன என்பது தெரிந்தால்தான் அந்த வித்தையின் அருமை புரியும். தளர்ந்த ஆடை மூட்டுகளை மறைக்கிறது; அத்துடன், உடல் நின்ற பிறகும் அசைந்துகொண்டே இருந்து அசைவின் முடிவையும் மங்கலாக்குகிறது. உடலின் கோடே கலைப்பொருளாக இருக்கும் இடத்தில் அந்தக் கோட்டைச் சிதைக்காத ஆடை தேவைப்படுகிறது. பாலேயும் சர்க்கஸும் ஜிம்னாஸ்டிக்ஸும் ஒரே வகை ஆடைக்கு வந்து சேர்ந்ததற்கு அடிப்படை இதுதான்.

இருபதாம் நூற்றாண்டின் நடனம் இந்தத் தேவையை மேலும் கூர்மையாக்கியது. 1930-ல் நியூயார்க்கில் மார்த்தா கிரஹாம் அரங்கேற்றிய ‘லமென்டேஷன்’ தனிநடனத்தைக் கவனியுங்கள். உட்கார்ந்த நிலையிலேயே பெரும்பகுதியும் ஆடப்படும் அதில், நீளும் பின்னல் துணியாலான ஒரு குழாய்க்குள் நடனக்காரர் இருக்கிறார். முகமும் கைகளும் பாதங்களும் மட்டும் வெளியே தெரிகின்றன. முழங்கால் ஒரு பக்கமும் முழங்கை மறுபக்கமும் தள்ளும்போது துணியில் விறைத்த மூலைவிட்டக் கோடுகள் எழுகின்றன. துயரத்தின் இழுவிசை அப்படியே துணியின் இழுவிசையாகக் கண்ணுக்குத் தெரிகிறது. ஜார்ஜ் பாலன்சின் தமது ‘தி ஃபோர் டெம்பரமென்ட்ஸ்’ பாலேயை 1946-ல் கனமான அலங்கார உடைகளோடு மேடையேற்றினார். 1951-ல் அவற்றைக் களைந்துவிட்டு லியோடார்டும் டைட்ஸுமான பயிற்சி உடுப்பிலேயே ஆடவைத்தார். 1957 டிசம்பரில் அரங்கேறிய அவரது ‘அகான்’ தொடக்கத்திலிருந்தே கறுப்பு வெள்ளைப் பயிற்சி உடுப்பில் ஆடப்பட்டது. 1930, 1951, 1957 ஆகிய மூன்று ஆண்டுகளும் ஷிவர்ஸின் இழைக்கு முந்தியவை. உடலின் கோட்டையே காட்சியாக்கும் அழகியல் தனக்கான இழைக்குக் காத்திருக்கவில்லை; கம்பளியையும் பருத்தியையும் பட்டையும் நைலானையும் பின்னிக் கிடைத்ததைக் கொண்டே அது உருவாகிவிட்டது.

அப்படியானால் பழைய பின்னலுக்கு என்ன குறை? இழுத்த பனியன் துணியை விட்டுப் பாருங்கள். அது திரும்புகிறது, ஆனால் முழுமையாகத் திரும்புவதில்லை. வடிவம் மாறிய கண்ணிகளைப் பழைய நிலைக்குத் தள்ளும் விசை, வளைந்த நூல் நிமிர முயலும் விசை மட்டுமே. நூலுக்கும் நூலுக்கும் இடையிலான உராய்வு அதைத் தடுத்து, கண்ணியைப் பாதி வழியில் நிறுத்திவிடுகிறது. நூறு முறை முழங்காலை மடக்கிய டைட்ஸ் முழங்காலில் பை கட்டித் தொங்குவதற்கு இதுவே காரணம். இதற்கு மருந்தாக ரப்பரை முயன்றார்கள். 1930களில் ரப்பர் இழையின் மேல் நூல் சுற்றிய லாஸ்டெக்ஸ் நீச்சலுடைக்கும் உள்ளாடைக்கும் வந்தது. ரப்பர் நன்றாக மீளும். ஆனால் வியர்வையும் உடல் எண்ணெயும் வெப்பமும் அதை அரித்துவிடும். மிக மெல்லிய இழையாக அதை இழுப்பதும் கடினம். 1950களில் நைலான் இழையை முறுக்கிச் சூடேற்றி, சுருள் வடிவத்தை அதில் பதியவைத்த நீள்நைலான் வந்தது. சுவிட்சர்லாந்தின் ஹெலாங்கா இதில் பெயர்பெற்றது. டைட்ஸின் தரத்தை அது வெகுவாக உயர்த்தியது. அதுவும் வடிவியலை நம்பிய தீர்வுதான்: இழை நீளவில்லை, அதன் சுருள்தான் விரிந்தது.

ஸ்பாண்டெக்ஸ் உண்மையில் எதைச் சாதித்தது என்பது இந்த இடத்தில் தெளிவாகிறது. அது பாலியூரிதேன் வகையைச் சேர்ந்த நெடுமூலக்கூறு. ஒரே சங்கிலியில் மென்மையான நீண்ட பகுதிகளும் விறைப்பான குறும்பகுதிகளும் மாறி மாறி வருகின்றன. மென்பகுதிகள் ஓய்வில் ஒழுங்கின்றிச் சுருண்டு கிடக்கின்றன. விறைப்பான பகுதிகள் ஹைட்ரஜன் பிணைப்புகளால் ஒன்றோடொன்று சேர்ந்து கொத்துக் கொத்தாக இறுகி, சங்கிலிகள் நழுவாமல் நங்கூரமிடுகின்றன. இழுத்தால் மென்பகுதிகள் நிமிர்கின்றன. இழை தன் நீளத்தைப் போல ஐந்து மடங்குக்கு மேல்கூட நீள்கிறது. விட்டுவிட்டால், நிமிர்ந்த ஒழுங்கிலிருந்து சுருண்ட ஒழுங்கின்மைக்குத் திரும்பும் வெப்ப இயக்கவியல் விருப்பமே அதைப் பின்னால் இழுக்கிறது. நங்கூரங்கள் இடம்பெயராததால் அது ஏறக்குறையப் பழைய நீளத்துக்கே வருகிறது. ஆனால் இந்த இழை தனியாக ஆடையாவதில்லை. வட்டப் பின்னல் இயந்திரத்தில் பருத்தி அல்லது நைலான் நூலோடு சேர்த்து, நன்கு இழுத்த நிலையில் இதையும் ஊசிக்கு ஊட்டுகிறார்கள். துணி இயந்திரத்தை விட்டு வெளியே வந்ததும் இழுபட்ட இழை சுருங்கி, கண்ணிகளை ஒன்றோடொன்று நெருக்கி அடைத்துவிடுகிறது. பிறகு அணிபவர் அசையும்போது விரிவது பெரும்பாலும் அந்தக் கண்ணிகள்தான். அவற்றை உராய்வையும் மீறித் திருப்பி இழுப்பது ஸ்பாண்டெக்ஸ். அன்றாட லெகிங்ஸில் 5 சதவீதம் அளவும் நடன, நீச்சல் உடைகளில் 15 முதல் 20 சதவீதம் அளவும் இருந்தாலே போதுமானதாக இருக்கிறது. இத்தனை சிறிய பங்கு இவ்வளவு பெரிய மாற்றத்தைச் செய்ய முடிவதே, நீட்சிக்கான அடித்தளம் பின்னலில் முன்பே இருந்தது என்பதற்குச் சான்று.

மீட்சி கிடைத்ததும் புதிய சிக்கலும் சேர்ந்து வந்தது. மீள விரும்பும் துணி உடலை அழுத்துகிறது. அந்த அழுத்தம் எவ்வளவு என்பதைத் துணியின் இழுவிசை மட்டும் தீர்மானிப்பதில்லை. அது சுற்றியிருக்கும் வளைவின் ஆரமும் தீர்மானிக்கிறது. லாப்லாஸ் விதிப்படி, இழுவிசையை ஆரத்தால் வகுத்தால் அழுத்தம் கிடைக்கும். 8 செ.மீ. ஆரமுள்ள தொடையிலும் 4 செ.மீ. ஆரமுள்ள கணுக்காலிலும் ஒரே இழுவிசை இருந்தால், கணுக்காலில் அழுத்தம் இருமடங்கு. அதனால் நல்ல டைட்ஸ் கால் நெடுகிலும் ஒரே அளவு இழுபடும்படி இருக்க முடியாது. கண்ணிகளின் எண்ணிக்கையும் இறுக்கமும் இடத்துக்கு இடம் மாற வேண்டும். நோக்கம் மாறினால் இதே இயற்பியல் வேறொரு பொருளைத் தரும் என்பதையும் பார்த்திருக்கிறோம். 2008-ல் வந்த ஸ்பீடோ நிறுவனத்தின் எல்.இசட்.ஆர் ரேசர் நீச்சலுடை உடலின் அசைவைப் பின்தொடரச் செய்யப்பட்டது அல்ல. உடலை நெருக்கித் தண்ணீரில் வழுக்கிச் செல்லும் வடிவமாக்கச் செய்யப்பட்டது. 2009-ல் ரோம் நகரில் நடந்த உலகப் போட்டியில், அந்த வழியில் வந்த பாலியூரிதேன் உடைகளின் துணையோடு 43 உலக சாதனைகள் முறியடிக்கப்பட்டன. 2010 தொடக்கத்திலிருந்து அத்தகைய உடைகள் தடைசெய்யப்பட்டன. பின்தொடர்வதும் நெருக்குவதும் இரு வேறு வேலைகள்; இரண்டையும் ஒன்றாக எண்ணுவதே ஒட்டிய ஆடை பற்றிய பல குழப்பங்களின் வேர்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். ஒட்டிய ஆடையை மேடை கேட்டது என்றால், ஒட்டாத ஆடையில் உலகின் மகத்தான நடனங்கள் எப்படி வளர்ந்தன? பரதநாட்டியக் கலைஞர் அரைமண்டியில் அமர்ந்து, முழுமண்டிக்கு இறங்கி எழுகிறார். அவர் அணிந்திருப்பதோ சரிகைக் கரையிட்ட பட்டு. அந்தப் பட்டு நீளாது. ஆனால் கால்களுக்கு நடுவே தைக்கப்பட்டிருக்கும் விசிறி மடிப்பைக் கவனியுங்கள். நிற்கும்போது மடிந்து கிடக்கும் அது, முழங்கால்கள் விலகியதும் அரைவட்டமாக விரிகிறது, எழுந்ததும் மடிந்துகொள்கிறது. தேவையான கூடுதல் நீளத்தைக் கண்ணிக்குள் ஒளித்துவைப்பதற்குப் பதில் மடிப்புக்குள் வைத்திருக்கிறார்கள். 1991-ல் ஃபிராங்க்ஃபர்ட் பாலேயில் வில்லியம் ஃபோர்சைத்தின் நடனத்துக்கு ஜப்பானிய வடிவமைப்பாளர் இஸ்ஸே மியாகே செய்ததும் இதே வழிதான்: வெப்பத்தால் நிலைநிறுத்திய நுண்மடிப்புகளைக் கொண்ட உடைகள், நடனக்காரர்களோடு விரிந்து சுருங்கின. இந்த எடுத்துக்காட்டுகள் என் வாதத்தை உடைக்கவில்லை, கூர்மையாக்குகின்றன. அசைவுக்கு இடம் தருவதே எல்லா நடன ஆடைகளின் பொதுத் தேவை. அந்த இடத்தை உடலுக்கு வெளியே மடிப்பாகக் காட்டுவதா, உடலின் மேலேயே கண்ணியாக ஒளிப்பதா என்பதை அந்தக் கலையின் பார்வை முடிவுசெய்கிறது. அரைமண்டியின் வடிவத்தை விசிறி அடிக்கோடிட்டுக் காட்டுகிறது. அங்கே ஒட்டிய ஆடை தேவைப்படவில்லை. பாலேயின் நீட்டிய காலுக்குத் துணி குறுக்கே வரக் கூடாது, அங்கே தேவைப்பட்டது.

இரண்டாவது மறுப்பு இன்னும் கடுமையானது: ஒட்டிய ஆடையின் காரணம் அசைவு என்பதெல்லாம் சாக்கு, உடலைக் காட்சிப்பொருளாக்குவதே அதன் நோக்கம் என்பது. இதில் வரலாற்று உண்மை இல்லாமல் இல்லை. 1911 ஜனவரியில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில், டைட்ஸின் மேல் வழக்கமாக அணியும் குறுங்கால்சட்டை இல்லாமல் ‘ஜிசெல்’ ஆடியதற்காக பாலே நடனக்காரர் நிஜின்ஸ்கி அரசவை அரங்கிலிருந்து நீக்கப்பட்டார். பெண் கலைஞர்களையும் வீராங்கனைகளையும் பொறுத்தவரை, எவ்வளவு தோல் தெரிய வேண்டும் என்பதைப் பெரும்பாலும் பிறரே முடிவுசெய்து வந்திருக்கிறார்கள். ஆனால் ஒட்டியிருத்தலும் திறந்திருத்தலும் ஒன்றல்ல. 2021-ல் ஐரோப்பியப் போட்டியிலும் அடுத்து டோக்கியோ ஒலிம்பிக்கிலும் ஜெர்மன் ஜிம்னாஸ்டிக் வீராங்கனைகள் கணுக்கால் வரை மூடிய ஒட்டிய உடுப்பை அணிந்து களமிறங்கினார்கள். அவர்கள் களைந்தது திறந்த வெட்டை. தக்கவைத்துக்கொண்டது ஒட்டிய பின்னலை. தொழில்நுட்பத் தேவை எது, திணிக்கப்பட்ட வழக்கம் எது என்பதை அந்த ஒரே தேர்வு பிரித்துக் காட்டிவிட்டது. நிறத்திலும் இதே பிரிவினை தேவைப்படுகிறது. பாலேயின் இளஞ்சிவப்பு டைட்ஸ் காலின் கோட்டை இடுப்பிலிருந்து விரல்நுனி வரை அறுபடாமல் நீட்டிக் காட்டுவதற்காக என்று நியாயம் சொல்லப்பட்டது. அந்த நியாயம் வெள்ளைத் தோலுக்கு மட்டுமே பொருந்தும். ஆர்தர் மிட்செல் 1969-ல் இணைந்து நிறுவிய டான்ஸ் தியேட்டர் ஆஃப் ஹார்லெம் குழு, 1970களில் ஒவ்வொரு நடனக்காரரின் தோல் நிறத்துக்கும் ஏற்ப டைட்ஸையும் காலணியையும் சாயமேற்றி, அதே நியாயத்தை எல்லோருக்கும் பொருந்தும்படி நிறைவேற்றியது. லண்டனின் ஃப்ரீட் நிறுவனம் பழுப்பு நிறக் காலணிகளை ஆயத்தமாக விற்பனைக்குக் கொண்டுவந்தது 2018-ல்தான். இத்தனை தாமதத்துக்குத் துணியின் இயற்பியலில் எந்தக் காரணமும் கிடையாது.

மேடையிலிருந்து தெருவுக்கு இந்த ஆடை வந்தபோது கணக்கு மாறியது. 1940களிலேயே அமெரிக்க வடிவமைப்பாளர் கிளேர் மெக்கார்டெல் கம்பளி ஜெர்சியில் லியோடார்டை அன்றாட ஆடையாக்க முயன்றார். 1985-ல் டோனா கரன் தம் ஏழு உடுப்புத் தொகுப்பின் அடித்தளமாக உடலோடு ஒட்டிய பாடிசூட்டை வைத்து, வேலைக்குப் போகும் பெண்களின் அலமாரிக்குள் அதைக் கொண்டுசேர்த்தார். இன்று திருப்பூரின் வட்டப் பின்னல் இயந்திரங்களிலிருந்து வெளிவரும் லைக்ரா கலந்த பருத்தித் துணி, தமிழ்நாட்டில் சுரிதாருக்குக் கீழே லெகிங்ஸாகப் பழகிப்போய்விட்டது. நடனக்காரருக்கு ஸ்பாண்டெக்ஸ் அசைவுக்காக. ஆயத்த ஆடைத் தொழிலுக்கு அது இன்னொரு வசதியையும் தருகிறது. ஒரே அளவு பல உடல்களுக்குப் பொருந்துவதால், துல்லியமாக வெட்டுவதும் அதிக அளவுகளில் தைப்பதும் குறைகிறது. அதன் விலையை வேறிடத்தில் கொடுக்கிறோம். பருத்தியோடு சிறிதளவு ஸ்பாண்டெக்ஸ் கலந்தாலே பழைய துணியை மீண்டும் நூலாக்குவது கடினமாகிறது. பஞ்சாகக் கிழிக்கும் இயந்திரத்தில் அந்த இழைகள் அறுபடாமல் இழுபட்டுச் சிக்குகின்றன. குளோரினும் மிகுந்த வெப்பமும் மீட்சியைக் கெடுப்பதால் ஆடையின் ஆயுளும் குறைகிறது. மீட்சி போன லெகிங்ஸில் பருத்தி இன்னும் நன்றாகவே இருக்கும், ஆனால் ஆடையை யாரும் அணிய மாட்டார்கள்.

எனவே ஒட்டிய ஆடையைச் செய்பவரும் வாங்குபவரும் கேட்க வேண்டிய கேள்வி, இதில் எத்தனை சதவீதம் லைக்ரா இருக்கிறது என்பது மட்டுமல்ல. இந்த ஆடை உடலின் எந்த அசைவைப் பின்தொடர வேண்டும், அதற்கு எவ்வளவு நீள வேண்டும், எத்தனை முறை திரும்பி வர வேண்டும் என்று கேட்க வேண்டும். வீட்டில் உடுத்தும் பனியனுக்குக் கண்ணியின் இயல்பான நீட்சியே போதும். அதில் ஸ்பாண்டெக்ஸைக் கலப்பது வீண். நடன வகுப்பில் ஒரு மணி நேரத்தில் நூற்றுக்கணக்கான முறை மடங்கி நிமிரும் முழங்காலுக்கு அந்த இழை அவசியம். அங்கே அதைக் குறைப்பது ஏமாற்று. மேடை கற்றுத்தந்த ஒழுங்கு இதுதான்: தேவையை முதலில் வரையறுத்து, பின்னலை அதற்கேற்பத் தேர்ந்து, இழையைக் கடைசியாகச் சேர்ப்பது. தொழில் இந்த வரிசையைத் தலைகீழாக்கும்போது மலிவாக நீளும், விரைவில் தளரும் ஆடைகள் குவிகின்றன. அந்த வரிசைக்குத் திரும்புவதற்குப் புதிய வேதியியல் எதுவும் தேவையில்லை. கண்ணியைப் பற்றிய பழைய அறிவும் உடலைப் பற்றிய கவனமும் போதும்.